இடது கண்ணாடிச் சுவிட்சு

பெருமாநல்லூர் நால்ரோட்டுல காலை 8 மணிக்கு வண்டி ஓட்டுனவங்களுக்கு இடது பக்கக் கண்ணாடியோட அருமை தெரியுமுங்க. பனியன் கம்பெனிக்குப் போற பிள்ளைக சோத்துப் பையை மாட்டிக்கிட்டு, ஸ்கூட்டர்ல இடது பக்கமாத்தான் நுழைஞ்சு போவாங்க. மிஷின்ல உக்காரற நேரம் தப்பக்கூடாதுன்னு அவங்க அவசரம். நாம இடது பக்கம் ஒடிக்கறப்ப அவங்க கண்ணுல படலைன்னா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை.

எங்க பிக்கப் பழசு. ஆனா பட்டனை அமுக்குனா கண்ணாடி திரும்பற வசதி உண்டு. தேங்கா லோடு ஏத்துனா பின்பக்கம் அமுங்கும், மூஞ்சி தூக்கும். கண்ணாடி வெறும் ரோட்டைத்தான் காட்டும். லோடு எறக்குனா மறுபடி மாத்தணும். பையன் ஓட்டுனா அவன் உசரத்துக்கு வேற. வலதைக் கைய நீட்டித் திருப்பிக்கலாம், இடதை எட்ட முடியாது. போன மாசம் அந்த இடதுதான் நின்னு போச்சு.

கடையில கேட்டா, "இந்த மாடலுக்கு இப்ப சுவிட்சு வர்றதில்லீங்கண்ணா"ன்னுட்டாங்க. சரி, நாமே பாக்கலாம்னு உக்காந்தேன்.

வலது கண்ணாடி வேலை செய்யுது, அதனால பியூஸ் நல்லா இருக்குது. இடதுல சத்தமே இல்லை. மோட்டார் உறுமி கண்ணாடி அசையலைன்னா உள்ள பிளாஸ்டிக் பல்லு போயிருக்கும். ஒரு கண்ணாடிக்குள்ள ரெண்டு மோட்டார்; மேல கீழ போக ஒண்ணு, பக்கவாட்டுக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரே நாள்ல சாகறது அபூர்வம். மிச்சம் சுவிட்சு, இல்லாட்டி கதவு மடங்கற இடத்து ரப்பர் குழாய்க்குள்ள அறுந்த வயரு.

சுவிட்சை நெம்பி வெளிய எடுத்து, 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப்பைப் பாடியில எர்த் குடுத்துப் பாத்தேன். குமிழை வலதுக்கு வெச்சு அமுக்குனா அந்தப் பக்க வயர்ல எரியுது. இடதுக்கு வெச்சா அந்தப் பக்க மோட்டார் வயர்ல எரியலை. கோளாறு சுவிட்சுக்குள்ளதான்.

பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு, வெள்ளைத் துணி விரிச்சு அது மேல வெச்சுத்தான் பிரிச்சேன். உள்ள மொளகு அளவு ஸ்பிரிங் இருக்குது, துள்ளுனா தேட முடியாது. செம்புத் தகடு பச்சை பூத்துக் கெடந்துச்சு. யூரியா மூட்டையை கேபின்லயே வெச்சு ஏத்தறோம், மழைச் சாரலும் அடிக்குது. செம்பு என்ன பண்ணும்? காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, பென்சில் ரப்பர்ல மெதுவாத் தேச்சேன். உப்புத்தாள் போட்டுறாதீங்க, மேல் பூச்சு போயிட்டா சீக்கிரமே மறுபடி பூக்கும். காயவெச்சு மாட்டுனதும் கண்ணாடி நாலு பக்கமும் திரும்புச்சு.

கிளீனர் காசு மட்டுந்தான் செலவு. மூணு நாள் பையனை இடது பக்கம் உக்கார வெச்சு, "வண்டி வருதா பாரு, கண்ணு"ன்னு கேட்டுக் கேட்டே ஓட்டுனேன். எல்லாருக்கும் அப்படி ஆள் கெடைக்காது. உங்க பழைய வண்டியில இடது கண்ணாடி அசையலைன்னா, "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டுறாதீங்க. அந்தப் பக்கம் வர்றது யார் வீட்டுப் பிள்ளையோ.