சிட்டா நூல் போன வழி

பல்லடத்துக்காரனான எனக்குத் தறி என்றால் விசைத்தறிதான். எங்கள் தறிக்குடோனில் தறி ஓட்டியது அப்பா. தார் சுற்றியது அம்மா. கூலி அப்பா கைக்குத்தான் வரும்.

பெங்களூரு இந்திராநகரில் ஒரு கடையில் கைத்தறித் துப்பட்டா ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். கரையோரம் பொடிப்பொடியாகச் சாய்சதுரங்கள். பின்பக்கம் திருப்பினேன், ஊடை நூல் ஓரிடத்திலும் தொங்கவில்லை. அசாமின் சிராங் மாவட்டத்துப் போடோ பெண்கள் வீட்டில் நெய்தது என்றார்கள். கலவரத்தில் வெந்த பகுதி ஆயிற்றே, அங்கே போய் இந்தத் தொழிலை யார் தொடங்கி வைத்தார்கள்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வடகிழக்கு பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நூல் வியாபாரிகளிடம் விசாரித்தேன்.

யாரும் தொடங்கி வைக்கவில்லை. தறி முன்பே வீட்டில் இருந்தது. போடோக்களிடம் நெசவு பெண்களுடையது. தாங்கள் உடுத்தும் தொக்கொனாவைத் தாங்களே நெய்துகொள்வார்கள். விற்பனைக்கு நெய்யும் வழக்கம்தான் பெரிதாக இல்லை. 1996-இலும் 1998-இலும் போடோ, சந்தால் மக்களிடையே மூண்ட மோதல்களில் லட்சக்கணக்கானோர் வீடிழந்து முகாம்களில் ஒதுங்கினார்கள். 2000-இல் சுனில் கௌல், ஜெனிஃபர் லியாங் இருவரும் அதே பகுதியின் ரௌமாரி கிராமத்தில் 'தி ஆன்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 2002-இல் அதன் முயற்சியில் உருவானது 'ஆகோர்' என்ற நெசவுப் பெண்கள் அமைப்பு. நூல் கொடுத்தார்கள், பெண்கள் வீட்டிலேயே நெய்தார்கள், கூலி அவர்கள் கையிலேயே விழுந்தது.

வீட்டுத் தறிக்கே வேலையைக் கொண்டுபோனதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். ஊரடங்கு போட்டால் வயலுக்கும் சந்தைக்கும் போக முடியாது. தறி வாசலைத் தாண்ட வேண்டியதில்லை. கலவரத்துக்குப் பிந்தைய மறுவாழ்வு என்றதும் நாம் முதலில் பயிற்சி வகுப்பு நடத்தக் கிளம்பிவிடுகிறோம். கைத்தொழில் தெரிந்த பெண்ணுக்குப் பயிற்சி எதற்கு? நூலும், நெய்ததை வாங்க ஆளும்தான் வேண்டும்.

அந்த நூலைத் தேடினால் வழி நம் பக்கமே திரும்புகிறது. வடகிழக்குத் தறிகளுக்குப் போகும் பருத்தி நூலில் தென்னிந்திய ஆலைகளின் பங்கு கணிசமானது. கைத்தறிக்குக் கூம்பில் சுற்றிய கோன் நூலைவிட, கண்ணிகளாகக் கட்டிய சிட்டா நூல்தான் தோது. அதனால் ஆலைகள் உள்நாட்டுச் சந்தைக்கு அனுப்பும் நூலில் ஒரு பங்கைச் சிட்டாவாகவே கட்ட வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஒரு காலத்தில் அது 50 சதவீதம், 2003-இல் 40 ஆயிற்று, 2019-இல் 30. சிட்டாவாகக் கட்டிய நூலையும் கோனில் ஏற்றி விசைத்தறிக்குத் திருப்புகிறார்கள் என்பது கைத்தறிக்காரர்களின் நெடுநாள் புகார்.

2023-இல் மணிப்பூரில் மூண்ட இனக்கலவரத்தில் 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். அங்கும் நெசவாளர்களில் அநேகமாக எல்லோரும் பெண்களே. நம் ஊர் ஆலைக்காரர்களும் நூல் வியாபாரிகளும் அந்த 30 சதவீதத்தைக் கணக்குக்காக மட்டும் கட்டாமல், தறி வரை போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.