சமதரையிலும் ஒரு சரிவு

மலைநாட்டவர்க்கே சரிவின் அருமை தெரியும் என்பது பொதுவான எண்ணம். பெரியகல்லாற்றில் பிறந்த எனக்கு அவ்வெண்ணம் உடன்பாடானதன்று. கிழக்கே கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் நெருக்கி நிற்கும் எமது ஊர், பார்வைக்குப் பாய் விரித்தாற்போன்ற சமதரை. ஆயினும் மாரிகாலத்தில் எங்கள் வாழ்வை நிர்ணயிப்பது கண்ணுக்குப் புலப்படாத ஒரு சரிவே.

இலங்கைப் பாடநூல்கள் இதனைப் ‘படித்திறன்’ என்னும். தமிழ்நாட்டு நூல்கள் ‘சாய்வு’ என்னும். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே: நிலைக்குத்தாக ஏறிய அல்லது இறங்கிய அளவைக் கிடையாகச் சென்ற தூரத்தால் வகுக்க வருவது. எனவே உயரம் வேறு, படித்திறன் வேறு.

படுவான்கரை வெள்ளம் வாவியில் திரளும்போது, கல்லாற்று முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கும் மணற்றிட்டை வெட்டிவிடுவது வழக்கம். இதனை ‘ஆற்றுவாய் வெட்டுதல்’ என்பர். கணக்கின் எளிமைக்காக, வாவி நீர் கடல்மட்டத்தினும் 60 சென்ரிமீற்றர் உயர்ந்திருப்பதாகக் கொள்வோம். வடக்கேயுள்ள முகத்துவாரத்தை அடைய அந்நீர் 30 கிலோமீற்றர் செல்லவேண்டுமெனின், படித்திறன் 50,000-இல் 1. 100 மீற்றர் அகலமான மணற்றிட்டை வெட்டினாலோ, 1,000-இல் 6. இறக்கம் மாறவில்லை, தூரம் சுருங்கியது, படித்திறன் 300 மடங்காயிற்று. மண்வெட்டியாற் கீறிய சிறு வாய்க்காலை நீரே அரித்து அகலமாக்குவதன் இரகசியம் இதுதான். வாவி வடிய வடியச் சரிவு குறைந்து ஓட்டமும் தளரும். பின்னர் அலைகள் மணலைக் கொணர்ந்து வாயை மீண்டும் மூடும்.

எப்போது வெட்டுவது என்பதில் எங்கள் வீட்டிலேயே இரு கட்சிகள். வயல் செய்யும் மாமாவுக்குப் பயிர் அழுகுமுன் வெட்டியாகவேண்டும். வாவியில் தொழில் செய்யும் அப்பாவுக்கோ, நீரோடு மீனும் இறாலும் போய்விடுமே என்ற கவலை. கணிதம் நீரின் விரைவுக்குக் காரணம் சொல்லும். யாருடைய சோற்றை முதலிற் காப்பது என்பதைச் சொல்லாது. அதனை மனிதரே கூடியிருந்து பேசித் தீர்க்கவேண்டும்.

இவ்வறிவு கரையோடு நின்றுவிடுவதன்று. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாயிருந்த ஆண்டுப் பணவீக்கம் 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதமாக வீழ்ந்தது. செய்தியைக் கேட்ட அம்மா, “கடையில சாமான் விலை இறங்கயில்லையே, மகன்?” என்றார். அவர் கேட்டது நியாயமே. இறங்கியது விலையன்று, விலை ஏறிய வேகம், அதாவது படித்திறன். ஏறிய உயரத்தினின்றும் விலைமட்டம் கீழிறங்கவில்லை. மேலும் சிறிது ஏறியே நின்றது. நாளாந்தக் கூலியில் வாழும் குடும்பம் சுமப்பது அந்த உயரத்தையே.

கலைப்பீடத்து நண்பர் பலர் படித்திறனைச் சாதாரண தரப் பரீட்சையோடு வழியனுப்பிவிட்டனர். பொருளியலும் புவியியலும் பயிலும் நாம் அதனை மீண்டும் அழைத்து வருதல் நன்று. ஓர் எண்ணைக் கேட்டதும் ‘எவ்வளவு?’ என்பதோடு நின்றுவிடாது, ‘எவ்வளவு தூரத்தில், எவ்வளவு காலத்தில்?’ என்றும் வினவுவோமாயின், அறிக்கைகள் சொல்லாது விடும் பாதியையும் நாம் வாசித்தவராவோம்.