மண் கோப்பையில் டீ குடித்த பந்துவீச்சாளர்

தேசூரிலிருந்து பட்டுச் சேலை வியாபாரமாக மும்பை போகிறவர்கள், கணக்கை முடித்ததும் தாதர் மார்க்கெட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு ரயிலேறிவிடுவார்கள். அடுத்த முறை மரைன் லைன்ஸ் ஸ்டேஷனில் இறங்கி, கடற்கரைச் சாலையில் நடந்து பாருங்கள். ஹிந்து ஜிம்கானா, இஸ்லாம் ஜிம்கானா, பார்சி ஜிம்கானா என்று மதத்துக்கு ஒரு மைதானம்! அந்தக் காலத்தில் பம்பாய் கிரிக்கெட்டே மதவாரி அணிகளுக்கு இடையில்தான் நடந்தது. வெள்ளைக்காரர்களுக்கும் ஓர் அணி.

ஹிந்து அணியின் பெரிய பலம், இடதுகை சுழற்பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சமார் சமூகத்தில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் பிட்ச்சை உருட்டிச் சமன்செய்வதும், வலை கட்டுவதும் அவர் வேலை. துரைமார்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து போட்டுப் போட்டே தேர்ந்துவிட்டார். பேட்டை மட்டும் கையில் கொடுக்க மாட்டார்களாம்.

அவரை விட்டால் ஜெயிக்க முடியாது என்பதால் பூனா ஹிந்து கிளப் சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். இடைவேளை வந்தால் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே, குடித்ததும் தூக்கிப் போடுகிற மண் கோப்பை. சாப்பாட்டுக்கும் தனித் தட்டு, தனி மேசை. இரட்டைக் குவளை என்று நம் பக்கம் சொல்வோமே, அதேதான். அமெரிக்காவில் 1947-ல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை கறுப்பின பேஸ்பால் வீரர்களைப் பல பத்தாண்டுகள் பெரிய லீக்கில் சேர்க்கவே இல்லை. இங்கே அணியில் சேர்த்துக்கொண்டு, கோப்பையில் ஒதுக்கினார்கள். எது மோசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

1906-ல் பம்பாயில் வெள்ளைக்காரர் அணியை ஹிந்துக்கள் 109 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தினார்கள். பாலு அதில் முக்கியப் புள்ளி. 1911-ல் இங்கிலாந்து போன இந்திய அணி தோற்றுக்கொண்டே இருந்தபோதும், அவர் மட்டும் 114 விக்கெட் சாய்த்தார்.

ஆனால் கேப்டன் பதவி? அதைத் தரவில்லை. 1920-ல் அவரை அணியிலிருந்தே விட்டுவிட, அதே அணியில் இருந்த தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து விலகினார்கள். பிறகுதான் பாலுவைத் திரும்ப அழைத்துத் துணைக் கேப்டன் ஆக்கினார்கள். 1923-ல் விட்டல் கேப்டனானார். அந்த வருடம் கோப்பை ஹிந்து அணிக்கு!