உள்ளே இருந்துகொண்டு வரைந்த வரைபடம்

பள்ளிப் புத்தகங்களில் பால்வீதியின் படம் ஒன்று இருக்கும். நடுவில் மஞ்சளாக ஒரு வீக்கம், சுற்றிலும் தீபாவளித் தரைச்சக்கரம் மாதிரி வளைந்த கைகள், ஓரமாக ஒரு அம்புக்குறி, பக்கத்தில் 'சூரியன் இங்கே' என்று எழுதியிருக்கும். பார்ப்பவர்களில் பலர் அதைப் புகைப்படம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அது புகைப்படம் இல்லை! அளந்த கணக்குகளை வைத்து ஓவியர்கள் வரைந்தது. பால்வீதியை வெளியில் நின்று இதுவரை யாரும் படம் எடுத்ததில்லை.

எடுக்கவும் முடியாது. பால்வீதியின் தட்டு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் ஏறக்குறைய ஐம்பது வருடம் ஓடியும் தாண்டியிருப்பது கிட்டத்தட்ட ஒரு ஒளிநாள் தூரம்தான். முழு உருவமும் தெரிகிற தூரத்துக்கு அது போய்ச் சேரப் பல கோடி ஆண்டுகள் ஆகும்.

தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் எளிதில் புரியும். இலத்தூர் குளக்கரையில் நின்று மேற்கே பார்த்தால் மலைத்தொடர் வரிசையாகத் தெரியும். எங்கே உயரம், எங்கே பள்ளம் என்று ஒரு தாளில் வரைந்துவிடலாம். அதே ஆள் குற்றாலம் பேரருவிக்குக் கீழே போய் நின்றால்? பாறையும் தண்ணீரும் கூட்டமும்தான் தெரியும், மலையின் வடிவம் தெரியாது. பால்வீதியைப் பொறுத்தவரை மனிதர்கள் எல்லோரும் அருவிக்குக் கீழே நிற்பவர்கள். இலத்தூர் குளக்கரை என்று ஒன்று அங்கே கிடையாது.

ஆனாலும் வரைந்திருக்கிறார்கள். எப்படி?

முதலில் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்தார்கள். 1785-இல் வில்லியம் ஹெர்ஷல் வானத்தின் பல திசைகளிலும் தொலைநோக்கியைத் திருப்பி, எந்தப் பக்கம் எத்தனை என்று எண்ணி ஒரு படம் போட்டார். அதில் சூரியன் ஏறக்குறைய நடுவில் இருந்தது. எண்ணிக்கையில் பிழையில்லை. ஆனால் கடையில் சரக்கு இருப்பு எடுக்கிறவர் பூட்டிய குடோனை விட்டுவிட்டு, முன்னால் உள்ள அலமாரிகளை மட்டும் எண்ணினால் கணக்கு எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. பால்வீதி முழுக்கத் தூசுப் படலம். அதற்குப் பின்னால் இருந்த கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் அவர் கணக்கில் வரவே இல்லை.

1918-இல் ஹார்லோ ஷேப்லி வேறு வழியில் போனார். தட்டுக்கு மேலும் கீழும், தூசு அதிகம் மறைக்காத இடங்களில், நட்சத்திரங்கள் பந்துபோலத் திரண்ட கொத்துகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தனுசு ராசிப் பக்கமே குவிந்திருப்பதைப் பார்த்து, மையம் அங்கேதான் என்று சொன்னார். அவர் சொன்ன தூரம் கூடுதலாகிவிட்டது, திசை சரி. மையம் இங்கிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு என்பது இன்றைய கணக்கு.

அந்தத் திசையைப் பார்க்கத் தெற்கத்திக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. லண்டனில் அது அடிவானத்திலிருந்து பத்து டிகிரிகூட மேலே வராது. இலத்தூரில் ஐம்பது டிகிரிக்கு மேல் ஏறும். ஏப்ரல், மே அமாவாசை இரவுகளில் நள்ளிரவு தாண்டித் தெற்கே பாருங்கள். ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் மேகம் விடாது. ஆனால் எவ்வளவு தெளிவான வானமானாலும் கண்ணுக்குத் தெரிவது தூசுக்கு முன்னால் உள்ள பகுதிதான். வெண்மையான பட்டையின் நடுவே கறுப்பாகக் கிழிந்த மாதிரி தெரிகிறதே, அதுவே அந்தத் தூசு.

தூசைத் தாண்டி வருவது ரேடியோ அலை. ஹைட்ரஜன் வாயு 21 செ.மீ. அலைநீளத்தில் ரேடியோ அலை வீசுவது 1951-இல் பிடிபட்டது. வாயு நம்மை நோக்கி வந்தால் அலைநீளம் கொஞ்சம் குறையும், விலகினால் கூடும். பால்வீதி எந்த இடத்தில் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று தெரிந்தால், வேகத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடலாம். 1950-களில் சுருள் கைகளின் முதல் ரேடியோ வரைபடங்கள் இப்படித்தான் வந்தன.

தமிழ்நாட்டிலும் இதற்குக் கருவி உண்டு. ஊட்டி முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970-இல் கட்டி முடித்த தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே அளவு சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப்பிடித்துக் கட்டினார்கள். அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட, ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். பால்வீதியின் உட்பகுதியில் உள்ள சூடான வாயுவையும் இதை வைத்து ஆராய்ந்தார்கள்.

இதைவிட அண்மையில் நடந்தது ஒன்று. குற்றாலம் மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில், இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே ஆய்வு செய்த வி.எஸ்.வீணா பின்னர் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். சிலி நாட்டு மலையுச்சியில் உள்ள அபெக்ஸ் தொலைநோக்கியின் பதிவுகளில் கார்பன் மோனாக்சைடு வாயுவைத் தேடிய அவரது குழு, இரண்டு சுருள் கைகளுக்கு இடையே பாலம்போல ஓடும் ஒரு வாயு இழையை 2021-இல் அறிவித்தது. நீளம் 6,000 முதல் 13,000 ஒளியாண்டு வரை இருக்கலாம். அலைபோல மேலும் கீழும் நெளிகிறது. இந்தியாவில் பால்வீதிக்கு ஆகாய கங்கை என்று பெயரல்லவா? கங்கை தொடங்கும் பனியாற்றின் பெயரையே வைத்து 'கங்கோத்ரி அலை' என்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். இவ்வளவு பெரிய இழை 2021 வரை எந்த வரைபடத்திலும் இல்லை!

இதற்கிடையே கையா விண்கலம் 2014 முதல் 2025 ஜனவரி வரை 200 கோடிக்கு நெருக்கமான நட்சத்திரங்களை அளந்தது. பால்வீதியின் தட்டு முழுக்கத் தட்டையில்லை, ஓரங்களில் வளைந்த அப்பளம் மாதிரி இருக்கிறது என்பதற்கு அதிலிருந்தும் சான்றுகள் கிடைத்தன. ஆனால் கையாவும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் பார்த்தது. தூசுக்குப் பின்னால் அதற்கும் திரைதான்.

மையத்துக்கு அப்பால் உள்ள பாதியின் நிலை என்ன? 2017-இல் ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்து, அந்தப் பக்கம் சுமார் 66,000 ஒளியாண்டில் உள்ள ஓர் இடத்தின் தூரத்தை நேரடியாக அளந்தார்கள். பூமி சூரியனைச் சுற்றும்போது அந்த இடம் எவ்வளவு நகர்ந்ததுபோலத் தெரிகிறது என்று பார்க்கிற முறை அது. பெரிய சாதனை. ஆனால் அந்தப் பக்கம் அப்படி நேரடியாக அளந்த இடங்கள் மிகக் குறைவு.

ஆகவே அடுத்த முறை அந்தப் படம் கண்ணில் பட்டால், அம்புக்குறியோடு நின்றுவிடாமல் மையத்துக்கு எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். அங்கேயும் கைகள் அழகாக வளைந்திருக்கும். அளந்த கோடு எது, அனுமானித்த கோடு எது என்று படத்தில் எழுதியிருக்காது. எழுதியிருந்தால் மாணவர்களுக்கு நல்லது. முடிந்துபோன பாடம் என்று நினைக்காமல், இன்னும் வரையப் பாக்கி இருக்கிறது என்று யாராவது ஒருவருக்குத் தோன்றுமே!