சின்னண்ணன்

கிறிஸ்தவம் என்றதும் நம்மவர் பலருக்குத் தொப்பி அணிந்த ஒரு துரையின் உருவமே கண்முன் வந்து நிற்கும். மலையாளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள், துரைமார் கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கிருந்தவர்கள் என்பது வேறு விஷயம். சரித்திரத்தைக் கேட்டுக்கொண்டா உருவங்கள் மனத்தில் பதிகின்றன?

அந்த உருவத்தைக் கலைத்துக்கொள்ள விரும்பும் நேயர்கள் ஜோலார்பேட்டையில் ரயிலை விட்டிறங்கித் திருப்பத்தூருக்குப் போய் வரலாம். நாம் போனபோது உடன் வந்த நண்பர், மரங்களுக்கிடையே கோபுரத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு, "எந்த சுவாமி?" என்று கேட்டார். அது கிறிஸ்துகுல ஆசிரமத்தின் ஜெபாலயம். நம் நாட்டுச் சிற்ப முறையில் எழுப்பியது.

1921இல் அந்த ஆசிரமத்தை நிறுவியவர்கள் இருவர். ஒருவர் தமிழர், டாக்டர் சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். இருவரும் மணம் புரியாமல் வாழ்ந்து, ஏழைக் கிராமவாசிகளுக்கு வைத்தியம் செய்தார்கள். பேட்டனின் குடும்பம் கம்பளி நூல் ஆலையால் செல்வம் கொழித்த குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை இங்கே வந்து கதர் உடுத்தினார்!

ஆனால் நம் உள்ளத்தைத் தொட்டது கதர் அன்று; பெயர்தான். ஏசுதாசன் 'பெரியண்ணன்', பேட்டன் 'சின்னண்ணன்'. வயதுப்படி அதுவே முறை என்று சொல்லிவிடலாம். எனினும் வெள்ளைக்காரர் பெரும்பாலோர் கறுப்பருக்கு இளையவராக இருக்கச் சம்மதியாத காலம் அது. தமிழ்க் குடும்பத்தில் சின்னண்ணனின் ஸ்தானம் எத்தகையது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேலை உண்டு, அதிகாரம் கிடையாது.

"சேவையெல்லாம் மதம் மாற்றுவதற்குத் தூண்டிலில் வைத்த புழுதானே?" என்றார் நண்பர். நியாயமான கேள்வியே. காந்தியடிகளும் மிஷன் ஆஸ்பத்திரிகளைப் பார்த்து இதைக் கேட்டதுண்டு. நாம் வேறொன்றையும் சேர்த்துக் கேட்போம்: சேவை செய்கிறவர் எங்கே அமர்கிறார்? மேலே அமர்ந்து கீழே நீட்டுகிறாரா, கீழேயே அமர்ந்திருக்கிறாரா?

ஏசுநாதர் தம் சீடர்களின் பாதங்களைக் கழுவிய கதை யோவான் சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பெரிய வியாழனன்று கத்தோலிக்கக் கோவில்களில் குருவானவர் அதை இன்றும் நடத்திக் காட்டுகிறார். புழுதி படிந்த கால்களைக் கழுவுவது அந்நாட்டில் அடிமைகளின் வேலை. நம் பாட்டிமாரும் வந்தவர்களுக்குக் கால் கழுவச் செம்பில் தண்ணீர் கொடுத்தவர்களே. கொடுத்ததோடு சரி, கழுவிவிட்டதில்லை. கதையில் நமக்கு மிகவும் பிடித்தவர் பேதுரு. அவர் காலை நீட்ட மறுக்கிறார். பெரியவர் ஒருவர் நமக்குப் பணிவிடை செய்வதைத் தாங்குவது அத்தனை கடினம்! துரை ஒருவர் குனிந்து தன் புண்ணுக்குக் கட்டுப் போடும்போது திருப்பத்தூர்ப் பக்கத்துக் குடியானவனுக்கும் கால் கூசியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

1932இல், அந்நியத் துணி மறியல் நடந்துகொண்டிருந்த சென்னையில், கதர் அணிந்து நின்ற பேட்டனைப் போலீஸார் தடியால் அடித்தார்கள். செய்தி இங்கிலாந்துப் பார்லிமெண்டு வரைக்கும் போயிற்று. அடிபட்டவர் ஸ்காட்லாந்துக்காரர் அல்லவா! அதே தெருக்களில் அடிபட்ட நம் தொண்டர்களுக்காக யார் அங்கே எழுந்து கேட்டார்கள்? சின்னண்ணனோ திருப்பத்தூருக்குத் திரும்பி, தம் நோயாளிகளைக் கவனிக்கலானார்.

பெரியண்ணன் 1969இல் காலமானார். சின்னண்ணன் அதற்கு அடுத்த வருஷம்.