செவியில் விழுந்த அமானிதம்

1993-இல் கோவில்பட்டி எஸ்.டி.டி. பூத் ஒன்றில், சவூதியிலிருந்த வாப்பாவிடம், அக்காவின் நிக்காஹ் செலவுக்குப் பணமில்லை என்று சொல்லி உம்மா அழுதார். வெளியே காத்திருந்தோர் செவியில் அது விழுந்தது. மாலைக்குள் தெருவே பேசிற்று. பேசி வந்த சம்பந்தமும் முறிந்தது.

அதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பு, 1943-இல், வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் இடையே 'சிக்சாலி' எனும் இரகசியத் தொலைபேசி இயங்கிற்று. ஒவ்வொரு நிலையமும் 50 டன்னுக்கும் மேல் எடை! பேச்சை எண்களாக்கி, இசைத்தட்டில் பதிந்த இரைச்சலோடு கலந்து வானலையில் அனுப்பினர். இருமுனையிலும் ஒரே இரைச்சல்தட்டு இசைந்து சுழன்றால்தான் பேச்சு மீளும். பயன்பட்ட தட்டை அழித்துவிடுவர்.

அவ்வியந்திரமும் வழியைத்தான் காத்தது. கேட்டவர் வாயைப் பூட்ட அதனால் இயலாது. பிறர் துயரம் தற்செயலாய்ச் செவியில் விழுந்தாலும் அது அமானிதமே. அந்தத் தட்டைப் போல, கேட்டதை அங்கேயே அழித்துவிடுவோமாக!