கணினி என் சக்களத்தியா?

கணவருக்கு ஒரு பித்து இருந்தால் அந்த வீட்டில் மனைவி எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதைப் பற்றி உங்களோடு சற்றுப் பேசலாம் என்று எண்ணுகிறேன். பித்து என்றதும் பயந்துவிட வேண்டாம். சிலருக்குத் தூண்டில். சிலருக்கு மெர்போக் குருவி. விடியற்காலையிலேயே கூண்டை உயரத்தில் மாட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். சிலருக்கு நாலு நம்பர். என் வீட்டுக்காரருக்குக் கணினி.

புதுக் கணினியாக இருந்தால் ஊராராவது மெச்சுவார்கள். இவர் தேடிப்போவது செத்துப்போன கணினிகளை. செம்பனை ஆலையில் மின்சாரப் பிரிவில் வேலை. மாலையில் வந்து குளித்து, கோப்பி குடித்ததும் பின்னறைக்குள் நுழைந்தாரானால், சாப்பிடக் கூப்பிட நான் மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும்.

கல்யாணமான புதிதில் மாமியாரிடம் முறையிட்டேன். "குடிக்கிறானா? சூதாடுறானா? வீட்டுலதானே ஒக்காந்திருக்கான். இன்னும் என்னம்மா வேணும் ஒனக்கு?" என்றார். நம் பெண்களின் வாயை அடைக்க இந்த ஒரு கேள்வியைத்தான் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறார்கள். குடிக்காமல் இருப்பது ஓர் ஆண்மகன் செய்யவேண்டிய சாதாரணக் கடமை. அதற்குப் பரிசாக வீட்டில் ஓர் அறையையும் சம்பளத்தில் ஒரு பங்கையும் எழுதிக் கொடுக்க வேண்டுமா என்ன?

அவர் அங்கே என்னதான் செய்கிறார் என்று கேட்பீர்கள். கணினி சாவதற்குப் பெரிய நோய் தேவையில்லையாம். மதர்போர்டில் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி உண்டு, சி.ஆர். 2032 என்று பெயர். அது தீர்ந்துபோனால் கணினிக்கு நாள் கிழமை மறந்துவிடும். மிகப் பழையவை சில 1980 ஜனவரி முதல் தேதி என்று காட்டிக்கொண்டு நிற்கும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த மதர்போர்டுகளுக்கு வேறொரு சீக்கு. கெப்பாசிட்டர் என்னும் சின்னஞ்சிறு உருளைகள் தலை உப்பிக் கசிந்துவிடும். உலகம் முழுவதும் அந்தக் கெட்ட சரக்கு பரவியிருந்தது. உப்பியதைக் கழற்றி, அதே அளவில் புதியதை ஈயம் உருக்கி வைத்தால் பல கணினிகள் கண் திறந்துவிடும். ஈயத்தோடு சேர்ந்த குங்கிலிய வாடை வீடெல்லாம் வரும். வெள்ளிக்கிழமைகளில் என் சாம்பிராணி எது, அவர் குங்கிலியம் எது என்று பிரிக்க முடியாது. வானம் இருட்டி முதல் இடி இடித்ததும் ஓடிப்போய்ச் செருகிகளைப் பிடுங்குவார். கொடியில் துணி காய்கிறதே என்ற எண்ணம் மட்டும் வராது.

எங்கள் பெரிய சண்டை 2016-இல் வந்தது. அப்போது தோட்டத்து வீட்டில்தான் இருந்தோம். தோட்டத்து வீடு வேலை இருக்கிற வரைக்கும்தான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. என் பெற்றோர் ஓய்வு பெற்றபின் சாமான்களோடு உறவினர் வீட்டுத் திண்ணையில் நின்றதைப் பார்த்தவள் நான். பக்கத்துப் பட்டணத்துத் தாமானில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டக் காசு காசாகச் சேர்த்துக்கொண்டிருந்தோம். அந்த மாதம் ஈப்போவில் யாரோ விற்கிறார் என்று 650 வெள்ளி கொடுத்து ஒரு கொமடோர் 64 வாங்கி வந்தார். 1982-இல் வெளிவந்த கணினி அது. விசைப்பலகையே உடம்பு, பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் மாட்ட வேண்டும். நினைவகம் 64 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அது போதாது. நாம் பாட்டுக் கேட்டோமே, அந்த மாதிரிக் கேசட்டில்தான் அதன் விளையாட்டுகள் இருக்கும். கேசட் ஓடி முடிந்து விளையாட்டு திரையில் வருவதற்குள் ஒரு பானைச் சோறு வடித்துவிடலாம்.

மூன்று நாள் நான் பேசவில்லை. நான்காம் நாள் சேமிப்புப் புத்தகத்தை அவர் மேசையில், கணினிக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன். "நீங்க இங்க ஒக்காந்திருக்கிற நேரத்தப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலைங்க. ரெண்டு பேர் சேர்த்த காச ஒருத்தர் கேக்காம எடுத்தது எப்படின்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் ஒரு மைலோ டின்னைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார். மாதம் 50 வெள்ளி அதில் விழும். அதற்குமேல் வேண்டுமென்றால் பின்னறையிலிருந்து எதையாவது விற்றுத்தான் வாங்க வேண்டும். இன்றுவரை டின் சட்டம் அமலில் இருக்கிறது. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்கு அவர் போய் வரும் பஸ் காசுகூட அந்த டின்னிலிருந்துதான். 2018-இல் தாமான் வீட்டுக்குக் குடிவந்தோம்.

அடுத்த தகராறுக்குக் காரணம் அக்கம்பக்கம். கணினி பார்க்கத் தெரிந்தவர் என்றால் போதும், நம் மக்கள் சோற்றுப் பானையையும் காற்றாடியையும் கொண்டுவந்து விடுவார்கள். தீபாவளிக்கு முதல் நாள் இரவு பத்து மணிக்கு ஒருவர் கைப்பேசியோடு வந்து நின்றார். யாரிடமும் ஒரு காசு வாங்கமாட்டார் இவர். "கூலி கேளுங்க" என்று சொன்னதற்கு, "காசு வாங்கிட்டா அது வேலையாப் போயிடும்மா. வேலைக்குத்தான் ஆலை இருக்கே" என்றார். அந்தப் பேச்சில் நியாயம் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கரண்டு பில்லுக்கு அந்த நியாயம் புரியாதே! கடைசியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. மாற்றும் பொருளின் விலையைக் கொண்டுவந்தவர் டின்னில் போட வேண்டும்; கூலிக்குப் பதிலாக வீட்டில் பழுதாகிக் கிடக்கும் பழைய கணினி இருந்தால் தரலாம். இதில் யார் ஜெயித்தார் என்று பின்னறையைப் பார்த்தாலே தெரியும். பதினேழு கணினிகள். ஓடுபவை ஒன்பது. மற்றவை "ஓடப்போகிறவை" என்பது அவர் கணக்கு.

அவருடைய சின்னம்மா ஒருவர் பினாங்கில் இருக்கிறார். 1970-களில் பாயான் லெப்பாசில் மின்னியல் தொழிற்சாலைகள் வந்தபோது தோட்டங்களிலிருந்து வேலைக்குப் போன பெண்களில் ஒருவர். இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் பினாங்கில்தான் அமைத்தது என்பது பலருக்குத் தெரியாது. சின்னம்மா வேலை செய்தது வேறொரு தொழிற்சாலை. நாள் முழுதும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லுகளில் ஒட்டிய கை அது. ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது பின்னறையில் ஒரு பழைய மதர்போர்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதெல்லாம் எங்க போகுது, எதுக்குள்ள வைக்கிறாங்கன்னு எங்களுக்கு ஒருத்தரும் சொன்னதில்லடா" என்றார். அன்று மாலை முழுதும் இவர் ஒவ்வொரு சில்லாகக் காட்டி, எது எதற்கு என்று விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா கூப்பிட்டாலும் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர்!

எனக்கும் அங்கே ஒரு வழக்கு இருந்தது. 2004-இல் நான் வேலை பார்த்த தோட்டப் பள்ளியில் ஆண்டு மலருக்காக மாணவர் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். பணமில்லாமல் மலர் அச்சேறவில்லை. பின்னர் அந்தத் தோட்டமே வீடமைப்புக்காக அழிக்கப்பட்டது. பிள்ளைகள் எழுதியது பன்னிரண்டு டிஸ்கெட்டுகளில் பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. போன ஆண்டு திறந்து பார்த்தால், உள்ளே வட்டத்தின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். நம் நாட்டு ஈரம் எதைத்தான் விட்டது? அப்படியே போட்டு ஓட்டினால் படிக்கும் கருவியும் கெடும் என்று தடுத்துவிட்டார். மேலோட்டைப் பிரித்து, உள்ளிருக்கும் மெல்லிய வட்டத்தை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நல்ல ஓட்டுக்குள் மாற்றி வைத்தார். ஒரு டிஸ்கெட்டுக்கு ஒரு மணி நேரம். ஒன்பது திறந்தன.

திறந்ததில் தமிழைக் காணோம். கோழி கிண்டிய மாதிரி ஏதேதோ எழுத்துகள். அவை திஸ்கி என்ற பழைய குறியீட்டில் தட்டியவை. இன்று எல்லாக் கருவிகளும் பயன்படுத்துவது யூனிகோடு. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985-லேயே உருவாக்கிய முரசு மென்பொருளில்தான் எங்களில் பலர் தட்டச்சே பழகினோம். எழுத்து அழியவில்லை, மாற்றிக்கொள்ளலாம் என்று இவர் சொன்னபோது இரவு பதினொன்று. ஒரு விசையைத் தட்டினார். திரை முழுதும் தமிழ்.

நான்காம் ஆண்டுப் பெண்ணொருத்தி எழுதியது முதலில் வந்தது. அம்மா இருட்டோடு பெரட்டுக்குப் போகையில், தன்னை எழுப்பாமல் தலையை மட்டும் தொட்டுவிட்டுப் போவார் என்றும், தான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன் என்றும் எழுதியிருந்தாள். இன்று அவள் ஜொகூரில் தாதியாக இருக்கிறாள். புலனத்தில் அனுப்பிவைத்தேன். பதில் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. தாயார் முந்தைய ஆண்டு காலமாகிவிட்டாராம். திறக்காத மூன்று டிஸ்கெட்டுகளை இவர் இன்னும் எறியவில்லை. யாருடைய கட்டுரைகள் அவற்றில் இருக்கின்றன என்று எனக்கும் நினைவில்லை.

அந்த இரவுகளில் ஒன்று தெரிந்துகொண்டேன், சகோதரிகளே. சாப்பாட்டு மேசையில் வாய் திறக்காத இவர், கையில் திருப்புளி இருந்தால் பேசுகிறார். ஆலையில் நடந்தது, தம்பியோடு மனத்தாங்கல், மகள் மேற்படிப்பைப் பற்றிய கவலை எல்லாம் அங்கேதான் வருகின்றன, முகத்தைப் பார்க்காமல். இப்போதெல்லாம் பயிற்சிப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு நானும் அங்கே போய்விடுகிறேன். எனக்கென்று ஒரு முக்காலி. பக்கத்தில் கணினி வைக்கக் கூடாது என்பது என் சட்டம்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடியபோது, பின்னறைக் கணினிகள் ஆறை லினக்ஸ் போட்டுத் தோட்டப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கியது. காசு கொடுக்க வேண்டியதில்லை, பழைய கணினியும் தாங்கும். ஆனால் தோட்டத்தில் இணைய வசதி எங்கே இருந்தது? பாடங்களைப் பென்டிரைவில் போட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தோம். ஆறில் நான்குதான் உருப்படியாகப் பயன்பட்டன. பத்திரிகையில் படம் போடும் அளவுக்கு ஒன்றும் சாதித்துவிடவில்லை.

இப்போது புதுத் தலைவலி. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்க டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய செயலியும் வேண்டுமாம். நன்றாக ஓடும் கணினிகளையே "இனி ஆகாது" என்று கொண்டுவந்து தருகிறார்கள். இவர் முகத்தில் தீபாவளி. போன சனிக்கிழமை நான் அளவு நாடாவை எடுத்துப் பின்னறையை அளந்தேன். பத்தடிக்கு எட்டடி. சுவரிலிருந்து ஐந்தடி தள்ளித் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, "இதத் தாண்டி ஒண்ணும் வரக் கூடாதுங்க" என்றேன். சரி சரி என்று தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டுப் போய்ப் பார்க்கிறேன், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்டி.

"அது கணினி இல்லம்மா, மானிட்டர்" என்றார்.